ஜாஸ் குழுவில் கிட்டார்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மெல்லிசைக் குழுவில் ரிதம் கிட்டார் வாசித்துப் பழகியவன். இப்போது பியானோ, பேஸ், டிரம்ஸ், சாக்ஸபோன் இருக்கும் ஜாஸ் குழுவில் சேர்ந்திருக்கிறேன். கார்டுகளைச் சரியாகத்தான் பிடிக்கிறேன். ஆனாலும் ‘ஒரே இரைச்சலாக இருக்கிறது’ என்கிறார்கள். என்ன தவறு?

ஒரே விரலைக் குறுக்கே படுக்கவைத்து, ஆறு தந்திகளிலும் பார் கார்டு போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அதில் ரூட்டும் (கார்டின் அடிப்படை ஸ்வரம்) ஐந்தாவது ஸ்வரமும் திரும்பத் திரும்ப வரும். ரூட்டைக் கவனித்துக்கொள்ள பேஸ்காரர் இருக்கிறார். நீங்களும் தடித்த கீழ்த்தந்திகளில் அதையே அடித்தால் அவர் வாசிப்பது மூழ்கிப்போகும். கார்டின் குணத்தைச் சொல்பவை மூன்றாவதும் ஏழாவதும்தான். குழுவில் அந்த இரண்டு ஸ்வரம் போதும்.

எஃப் ப்ளூஸை எடுத்துக்கொள்ளுங்கள். நான்காவது, மூன்றாவது தந்திகளை மட்டும் பயன்படுத்துங்கள். எஃப்7க்கு நான்காவது தந்தியில் 7ஆம் ஃப்ரெட், மூன்றாவதில் 8. அதே பிடியை ஒரு ஃப்ரெட் இறக்கினால் பி ஃப்ளாட்7. எஃப்7லிருந்து ஒரு ஃப்ரெட் ஏற்றினால் சி7. இந்த மூன்றை வைத்தே ப்ளூஸின் பன்னிரண்டு பாரையும் (நான்கு அடி கொண்ட தாளப் பகுதி ஒரு பார்) ஓட்டிவிடலாம். ஜாஸ்காரர்கள் எட்டாவது பாரில் டி7, ஒன்பதில் ஜி மைனர்7, பத்தில் சி7 போடுவது வழக்கம். அதற்கு 10-11, 8-10, 8-9 என்று பிடியுங்கள் (முதல் எண் நான்காவது தந்தியின் ஃப்ரெட், அடுத்தது மூன்றாவது தந்தியின் ஃப்ரெட்). கடைசி மாற்றத்தில் ஒரே ஒரு விரல் ஒரு ஃப்ரெட் நகர்கிறது, அவ்வளவுதான்.

இதில் சறுக்கும் இடம், தொடாத தந்திகள் கூடவே ஒலிப்பது. நான்காவது தந்தியை அழுத்தும் விரலின் நுனி ஐந்தாவதை லேசாகத் தொடட்டும். மூன்றாவதை அழுத்தும் விரல் சற்றுப் படுத்து, மெல்லிய மேல் இரண்டு தந்திகளை அடக்கட்டும். அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் கவுன்ட் பேசியின் குழுவில் 1937இல் சேர்ந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு கிட்டார் வாசித்த ஃப்ரெடி கிரீனைக் கேளுங்கள். ஆம்ப் இல்லாத கிட்டார், பாருக்கு நான்கு அடி, பல நேரம் காதில் விழுவது இரண்டு மூன்று ஸ்வரம்தான். அத்தனை பெரிய குழுவும் அதன் மேல்தான் நடந்தது.

கேள்வி: பியானோக்காரரும் நானும் மோதிக்கொண்டே இருக்கிறோம். யார் விட்டுக்கொடுப்பது?

முறை வைத்துக்கொள்ளுங்கள். சாக்ஸ் சோலோவில் முதல் சுற்று (பாட்டின் அமைப்பு ஒரு முறை முழுதாக வருவது) பியானோ, அடுத்த சுற்று கிட்டார் என்று மேடைக்கு முன்பே பேசிவிட வேண்டும். பியானோ சோலோவின்போது கையைக் கட்டிக்கொண்டு கேளுங்கள். அது குறைவே இல்லை. இருவரும் சேர்ந்து வாசித்தே ஆக வேண்டுமென்றால், நீங்கள் ஃப்ரெடி கிரீன் பாணியில் நான்கு அடியை மெதுவாகப் போடுங்கள், கார்டுக்கு மேலே கூடுதலாகச் சேர்க்கும் ஒன்பதாவது, பதின்மூன்றாவது ஸ்வரங்களைத் தொடாதீர்கள். சி7இல் நீங்கள் டி சேர்க்க, அவர் டி ஃப்ளாட் சேர்த்தால் அரை ஸ்வர இடைவெளியில் இரண்டும் உரசும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே சரிதான் என்பதால் தவறு எங்கே என்று யாருக்கும் பிடிபடாது.

கேள்வி: எனக்கு டெம்போ (வேகம்) ஓடுகிறது. ஸ்விங் (ஜாஸுக்கே உரிய துள்ளல் நடை) வரவில்லை என்றும் சொல்கிறார்கள்.

பாட்டு நிமிடத்துக்கு 120 அடி என்றால் மெட்ரனோமை (தாளம் காட்டும் கருவி) 60இல் வையுங்கள். விழும் ஒலியை இரண்டாம், நான்காம் அடியாகக் கேட்க வேண்டும். முதலில் கிட்டாரைத் தொடாமல், ஒலியோடு ‘டூ... ஃபோர்’ என்று வாயால் சொல்லுங்கள். பிறகு இடையில் ‘ஒன்’, ‘த்ரீ’ சேருங்கள். அது நின்ற பிறகே கையை வையுங்கள். இல்லாவிட்டால் மனம் ஒலியை ஒன்றாம் அடியாக மாற்றிக்கொண்டுவிடும்.

அடுத்து சார்ல்ஸ்டன் தாளம்: ஒன்றாம் அடியில் ஒரு கார்டு, இரண்டாம் அடிக்கும் மூன்றாம் அடிக்கும் நடுவே இன்னொன்று. ‘நடுவே’ என்றாலும் சரிபாதியில் விழக் கூடாது. அடியை மூன்றாகப் பிரித்து, மூன்றாவது பங்கில் விழ வேண்டும். புதியவர்கள் இதை முந்திப் போடுவதால்தான் ஸ்விங் கெட்டு, டெம்போவும் ஓடுகிறது. கார்டைக் குறுக்க, இடது கை அழுத்தத்தை மட்டும் தளர்த்துங்கள். விரலைத் தந்தியிலிருந்து எடுத்தால் திறந்த தந்தி ஒலித்துவிடும்.

கேள்வி: ஆம்பை எப்படி வைப்பது?

கழுத்துப் பக்க பிக்கப் (தந்தி ஒலியை ஆம்புக்கு அனுப்பும் பகுதி), கிட்டாரின் டோன் நாப் பாதிக்குச் சற்று மேல். ஆம்பில் பேஸ் 3, மிட் 6, டிரெபிள் 4 என்று தொடங்கி, அரங்குக்கு ஏற்ப மாற்றுங்கள். தனியாக வாசிக்கும்போது இனிக்கும் பேஸ், குழுவில் பேஸ் கிட்டாரோடு கலந்து கூழாகிவிடும். ஆம்பைத் தரையில் வைத்தால் ஒலி உங்கள் காலைத் தாண்டி முன்வரிசையின் காதில் அறையும். உங்களுக்குக் கேட்காது, நீங்கள் இன்னும் ஏற்றுவீர்கள். நாற்காலியில் வையுங்கள். ஹாலோ பாடி (உள்ளே வெற்றிடமுள்ள) கிட்டார் ஊளையிட்டால், ஆம்புக்கு நேரே நிற்காமல் விலகி, பேஸைக் குறைத்து, மேல்பலகைத் துளைகளை ஸ்பாஞ்சால் அடையுங்கள்.

கேள்வி: சோலோ நடுவே எந்தப் பாரில் இருக்கிறோம் என்று தொலைந்துபோகிறேன்.

உடனே நிறுத்துங்கள், ஊகித்து வாசிக்க வேண்டாம். பேஸைக் கேளுங்கள். 32 பார் பாட்டு பெரும்பாலும் ‘ஏ ஏ பி ஏ’ (எட்டு எட்டு பாராக நான்கு பகுதிகள், மூன்றாவது மட்டும் வேறு) அமைப்பில் இருக்கும், ‘பி’ பகுதி தொடங்கும்போது கார்டுகள் வேறு இடத்துக்குத் தாவும். அங்கே ஏறிக்கொள்ளலாம். தலைவர் கையால் தலையைத் தொட்டால் அடுத்த சுற்றில் மூலப்பாட்டு. நான்கு விரல் காட்டினால், டிரம்ஸோடு நான்கு நான்கு பாராக மாறி மாறி வாசிக்கப்போகிறார்கள். டிரம்ஸ் வாசிக்கும் அந்த நான்கு பாரையும் மனத்தில் எண்ணிக்கொண்டே இருங்கள்.