ஆச்சியிடம் கேளுங்கள்: இந்த வருஷம் படித்தவை

கேள்வி: ஆச்சி, இந்த வருஷம் நீங்கள் படித்ததில் மனசில் நின்றது எது?
– ஒரு வாசகி, தேவகோட்டை

நம்ம சிவகங்கைப் பக்கத்துக்காரர்கள் எழுதியதைத்தான் இந்த வருஷம் தேடித்தேடிப் படித்தேன் அம்மா. மனசில் நின்றது ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ நாவல். சிங்கம்புணரிக்காரர். 1938-ல் பிழைப்புக்காக இந்தோனேசியாவில் இருக்கும் மேடானுக்குப் போனவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்துக் கதை. நூலாக வந்தது 1972-ல்தான்.

போரையும் கடற்புயலையும் எல்லாரும் புகழ்வார்கள். சரிதான், புகழ வேண்டியவைதான். ஆனால் என்னைக் கட்டிப்போட்டது வட்டிக்கடைப் பேச்சு. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று கடையின் தலைமை ஆளிலிருந்து எடுபிடிப் பையன் வரை எங்கள் ஐயா முகப்பில் உட்கார்ந்து சொல்லிக் கேட்ட ஆட்கள் அச்சில் உயிரோடு நடமாடுகிறார்கள்.

படித்து முடித்த கையோடு இரண்டாங்கட்டு அறையில் இருந்த தகரப் பெட்டியைத் திறந்து ஐயாவின் சம்பளச்சீட்டை எடுத்தேன். கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வட்டிக்கடை வேலைக்கு, போகிறவர் முதலாளிக்கு எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தம் அது. மூன்று வருஷக் கணக்குக்குச் சம்பளம் இவ்வளவு, முன்பணம் இவ்வளவு என்று புள்ளியே வைக்காமல் ஒரே ஓட்டமாக எழுதியிருக்கிறது. மடித்த இடமெல்லாம் கிழிந்து, மை பழுப்பாகிவிட்டது. கீழே ஐயாவின் கையெழுத்து, பள்ளிக்கூடப் பையன் எழுதிய மாதிரி ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக. அதைப் போட்டபோது அவருக்கு மீசைகூட முளைத்திருக்காது. நாவலில் வரும் பையன்களைப் படித்த பிறகு அந்தக் கையெழுத்தைப் பார்க்க எனக்குத் தொண்டை அடைத்தது.

ஒரு குறையும் உண்டு. கடலுக்கு அந்தப் பக்கம் நடந்ததெல்லாம் கண்முன் வருகிறது. ஊரில் இருந்த பெண்கள் அங்கங்கே நினைவாக வந்து போகிறார்கள், அவ்வளவுதான். ஒரே வளவு வீட்டில் புள்ளிக்குப் புள்ளி, அதாவது கல்யாணமான ஒவ்வொரு ஜோடிக்கும், தனி அடுப்பு வைத்து, வரவு செலவு எழுதி, பெண்ணுக்குச் சாமான் சேர்த்து வருஷக்கணக்காக வீட்டை நடத்திய ஆச்சிமாரின் கதையை அதே அளவுக்கு யாராவது எழுத வேண்டும்.

கேள்வி: ஏ.கே. செட்டியார் எழுதியதெல்லாம் இன்றைக்குப் படிக்கும்படி இருக்கிறதா?
– கல்லூரி மாணவர், காரைக்குடி

தாராளமாகப் படிக்கலாம் தம்பி. கோட்டையூரில் 1911-ல் பிறந்த பயண எழுத்தாளர். 1937-ல் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போகும்போது, காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. நாடு நாடாக அலைந்து படச்சுருள்களைச் சேகரித்து 1940-ல் படத்தை வெளியிட்டுவிட்டார். அந்த அலைச்சலை அவரே எழுதியது ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்று நூலாகக் கிடைக்கிறது. சின்னச் சின்ன வாக்கியம். எவ்வளவு பெரிய காரியம் செய்தாலும் தன் பெருமை பேசமாட்டார். நாலு பக்கம் படித்துவிட்டுப் படுக்கலாம் என்று எடுத்தால் விளக்கணைக்க நேரமாகிவிடும்.

கேள்வி: பழைய புத்தகங்களை எங்கே தேடுவது?
– ஒரு வாசகர், புதுவயல்

சென்னைக்குப் போனால் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு அவசியம் போங்கள். முத்தையாவும் கோட்டையூர்க்காரர்தான். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். புத்தகத்தோடு நிற்காமல் பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று பிறர் தூக்கிப்போட்டதையெல்லாம் சேர்த்துவைத்தார். 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. அதை வைத்துத்தான் நூலகம் உருவானது. போனிலேயே படிப்பீர்கள் என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் ஏராளம், காசில்லாமல்.

அப்புறம் ஒரு வேண்டுகோள், இது எல்லாருக்கும். வீட்டைக் காலி செய்யும்போது, ஆச்சிமார் எழுதிய கடிதம், கணக்கு நோட்டு, சாமான் பட்டியல் எது கிடைத்தாலும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். போனில் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அடுத்த வருஷம் நான் படிக்கப்போவது அவற்றைத்தான்.