சிற்பப் பயிற்சி இல்லாதவர் 28 மி.மீ. சோழ வீரனைச் செய்ய முடியுமா?

கேள்வி: நண்பர்களோடு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டு ஆடுகிறேன்; அதில் ஆளுக்கொரு கதாபாத்திரமாக நடிப்போம். என் கதாபாத்திரம் வேல் ஏந்திய சோழப் படைவீரன். மேசையில் வைத்து ஆட அப்படியொரு 28 மி.மீ. மினியேச்சர் உருவம் சிங்கப்பூர்க் கடைகளில் எனக்குக் கிடைக்கவில்லை. நான் களிமண்கூடப் பிசைந்ததில்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சாப்பாட்டு மேசைதான் எனக்குப் பணிமேசை. நானே செய்ய முடியுமா? என்னென்ன வாங்க வேண்டும்?

பதில்:

முடியும். ஆனால் வெறும் கம்பியில் தொடங்கி முழு ஆளையும் பிசைந்து எழுப்பப் பார்க்காதீர்கள். ஆயத்தமாகக் கிடைக்கும் ஒரு பிளாஸ்டிக் வீரனை வாங்குங்கள். வேண்டாததை வெட்டி, வேண்டியதை ஒட்டி, எங்கும் கிடைக்காததை மட்டும் புட்டியில், அதாவது பிசைந்து வடித்தால் இறுகும் எப்பாக்சிக் கலவையில், செய்யுங்கள். இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் இதைக் கன்வர்ஷன் என்பார்கள். முகமும் விரல்களும்தான் உண்மையில் கடினம். அவற்றை வேறு யாரோ உங்களுக்காகச் செய்து முடித்துவிட்டார்கள். மிச்சம் இருப்பவை வேட்டி, இடைக்கச்சை, கொண்டை, மீசை, வேல். இவை எல்லாமே தொடக்கக்காரரின் கைக்கு எட்டக்கூடியவை.

மேலாடை இல்லாத, கால்களை அகட்டி நிற்கும் ஏதாவது ஒரு வீரனைத் தேர்ந்தெடுங்கள். பாகங்கள் ஒட்டியிருக்கும் சட்டகத்தோடு வரும் கெட்டிப் பிளாஸ்டிக் வகையாக இருக்கட்டும். அது பாலிஸ்டைரீன். கத்திக்கு இணங்கும், பிளாஸ்டிக் சிமெண்ட் என்னும் பசை பட்ட இடம் இளகி ஒன்றோடொன்று உருகிச் சேரும். வண்ணம் பூசியே விற்கப்படும் ரப்பர் போன்ற பொம்மைகள் பெரும்பாலும் பிவிசி. அவற்றிலும் ரெசினிலும் உலோகத்திலும் பிளாஸ்டிக் சிமெண்ட் பிடிக்காது. சூப்பர் குளூதான் வேண்டும். வெட்டியெடுத்த வெற்றுச் சட்டகத்தைத் தூக்கி எறியாதீர்கள். பிற்பாடு வாளின் கைப்பிடிக்கும் கேடயத்தின் விளிம்புக்கும் அதுவே மூலப்பொருள்.

தலையை மாற்ற நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். நம் சிற்ப நூல்கள் முக நீளத்தை ஒரு தாளமாக வைத்து, நவதாளம், தசதாளம் என்று உடலை அளக்கின்றன. விளையாட்டு மினியேச்சர்களுக்கு அந்தக் கணக்கு செல்லாது. ‘ஹீரோயிக்’ என்று விற்கப்படும் உருவங்களில் தலையும் கைகளும் வேண்டுமென்றே பெரிதாக இருக்கும். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கும் ஆள் யாரென்று தெரிய வேண்டுமல்லவா? இயல்பான அளவில் 28 மி.மீ. மனிதனின் தலை நான்கு மி.மீ.க்கும் குறைவு. இயல்பளவில் செய்யும் ஒரு நிறுவனத்தின் தலையை ஹீரோயிக் உடலில் ஒட்டினால், தோளுக்கு நடுவே குண்டூசி முளைத்ததுபோல் நிற்கும். ஒரே நிறுவனத்தின் பெட்டிகளுக்குள் மாற்றிக்கொள்வது பாதுகாப்பு.

கருவிகளுக்கு அதிகம் செலவழிக்காதீர்கள். நல்ல கத்தி, தட்டையான நிப்பர் (வெட்டுக்குறடு), நுண்ணிய அரம், ஒரு மி.மீ. ஊசியோடு கைத்துளைப்பான், சிலிக்கோன் முனை கொண்ட ஒரு சிறிய தூரிகைக் கருவி, இலை வடிவ உலோக முனை ஒன்று. பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் உள்ள ஆர்ட் பிரெண்ட் போன்ற ஓவியப் பொருள் கடையில் சிலிக்கோன் முனைக் கருவியைத் தேடுங்கள். இருபது கருவிகள் அடங்கிய உறையை வாங்கி, அதில் இரண்டை மட்டும் தொட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இனி புட்டி. தொடக்கக்காரர்கள் கருவியைப் பற்றியே கேட்கிறார்கள். உண்மையில் கற்க வேண்டியது, புட்டியை எப்போது தொடுவது, எப்போது தொடாமல் இருப்பது என்பதுதான்.

கிரீன் ஸ்டஃப் என்ற புட்டி மஞ்சளும் நீலமும் அடுத்தடுத்து ஒட்டிய பட்டையாக விற்கப்படும். இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும் நடுக்கோடு பையிலேயே இறுகியிருக்கும். அந்தக் கோட்டை வெட்டி எறிந்துவிட்டுப் பிசையுங்கள். இல்லாவிட்டால் பொடிக் கட்டிகள் கடைசிவரை நெருடும். சம அளவில் பிசைந்தால் பச்சையாகும். மஞ்சள் கூடினால் இளக்கமாக இருக்கும், மெதுவாக இறுகும். நீலம் கூடினால் விறைப்பாக நின்று கூரான விளிம்பு தரும். துணிக்கும் முடிக்கும் மஞ்சளைச் சற்றுக் கூட்டுங்கள், உலோகப் பட்டைக்கு நீலத்தைக் கூட்டுங்கள்.

பிசைந்த உடனே அது, நம் ஊரில் 1992இல் விற்பனை தடைசெய்யப்பட்ட சூயிங்கம் போல எல்லாவற்றிலும் ஒட்டும். உருவத்தில் பொருத்த வேண்டிய நேரம் அது, நுண்வேலை செய்ய வேண்டிய நேரம் அல்ல. பொருத்திவிட்டு எழுந்து போய்த் தேநீர் குடியுங்கள். திரும்பி வரும்போது ஒட்டுதல் குறைந்து, அழுத்திய கோடு அப்படியே நிற்கும். அந்தக் கட்டம்தான் நுண்வேலைக்குப் பொன்னான நேரம். அதற்குப் பிறகு விறைத்துவிடும்; விறைத்ததை மேலும் மேலும் நோண்டினால் விளிம்பு கிழியும். வேலை செய்ய ஒன்றரை மணி நேரம் கிடைக்கும் என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். அது குளிர்நாட்டு அறைகளுக்கான கணக்கு. எப்பாக்சிக்கு வெப்பம் என்றால் வேகம். மின்விசிறி மட்டும் சுற்றும் நம் வீட்டு அறையில், பிற்பகலில், அந்த நேரம் நன்றாகவே சுருங்கிவிடும். குளிர்சாதனம் ஓடும் இரவு வேளையில் உட்காருங்கள், சுண்டைக்காய் அளவுக்கு மேல் ஒரே தடவையில் பிசையாதீர்கள். மிச்சப் பட்டையைக் காற்றுப் புகாத பையில் சுற்றி, உணவோடு சேராத ஒரு டப்பாவில் வைத்து உறைபெட்டியில் போட்டால் நீண்ட நாள் வரும்.

இறுகாத எப்பாக்சி சிலருக்குத் தோல் ஒவ்வாமையைக் கொண்டுவரும். அதனால் மெல்லிய கையுறை நல்லது. சாப்பாட்டு மேசையில் செய்வதால் ஒரு பீங்கான் ஓடு வைத்து அதன்மேல் மட்டும் பிசையுங்கள். அந்த ஓடு மறுபடி சமையலறைக்குப் போகக் கூடாது. மாலையில் இடத்தைக் காலி செய்யச் சொல்லும் அம்மாவிடமும் நல்ல பெயர் கிடைக்கும்.

இப்போது வேட்டி. முதலில் காற்சட்டையில் புடைத்திருக்கும் பைகளையும் வார்களையும் கத்தியால் சீவி, அரத்தால் சமப்படுத்துங்கள். இடுப்பிலிருந்து தொடை நடுவரை மெல்லிய புட்டிப் பூச்சு ஒன்றைக் கொடுத்து, அதை மறுநாள்வரை விட்டுவிடுங்கள். மடிப்பு எதுவும் வேண்டாம், பருமன் மட்டும். கோயில் கோபுரத்தில் சுதை வேலை செய்பவர்களும் உள்ளுருவத்தைக் கட்டி, அது இறுகிய பிறகே மேல்வேலைக்குப் போகிறார்கள். சவுத் பிரிட்ஜ் ரோடு ஸ்ரீ மாரியம்மன் கோயிலின் முன் நின்று, கோபுரத்து உருவங்களின் ஆடையை மட்டும் பாருங்கள். மடிப்புகள் தன்னிச்சையாக ஓடுவதில்லை. முடிச்சிலிருந்தும் இழுபடும் முனையிலிருந்தும் விசிறியாகக் கிளம்புகின்றன. தார்ப்பாய்ச்சிக் கட்டிய வேட்டியில் துணி கால்களுக்கு நடுவே இறுகிப் பின்னால் செருகப்படுகிறது. ஆகவே இழுவை அங்கேதான்.

மறுநாள் இரண்டாம் பூச்சு. ஒரு பிளாஸ்டிக் தாளில் வாசலினைத் துளி தடவி, அதன்மேல் புட்டியைத் தாள்போல் உருட்டுங்கள். ஒட்டுதல் குறையும்வரை காத்திருந்து, பட்டையாக வெட்டித் தொடையில் போர்த்துங்கள். கருவியின் முனையைத் தண்ணீரில் நனைத்து, நடுவிலிருந்து வெளிப்புறமாக மூன்று நான்கு ஆழமான கோடுகள் போதும். இரண்டு கோடுகளுக்கு நடுவிலுள்ள மேட்டைச் சிலிக்கோன் முனையால் உருட்டிவிடுங்கள். கோடு போட்ட நிலையிலேயே விட்டால் துணி போல் தெரியாது, கீறல் போல்தான் தெரியும்.

மீசைக்கு எள்ளில் பாதி அளவு போதும். இரண்டு பொடி உருண்டைகளை மூக்குக்குக் கீழே இருபுறமும் வையுங்கள். ஊசி முனையால் நடுவில் அமுக்கி, வெளிநோக்கி இழுத்து, கன்னத்தில் மேலே திருப்புங்கள். உள்ளதைவிடப் பெரிதாகச் செய்தால்தான் வண்ணம் பூசிய பிறகும் கண்ணில் படும்.

வேலுக்குப் புட்டி வேண்டவே வேண்டாம், வளைந்துவிடும். ஒரு மி.மீ.க்குச் சற்று மெல்லிய பித்தளைக் கம்பியின் நுனியைச் சுத்தியால் தட்டித் தட்டையாக்கி, இலை வடிவில் அராவுங்கள். பிடித்த கையின் நடுவே கைத்துளைப்பானால் மெதுவாகத் துளையிட்டு அதை நுழைத்துவிடுங்கள். கையையே வெட்டி வேறு கை வைத்தால், இரண்டு பக்கமும் துளையிட்டுப் பேப்பர் கிளிப் துண்டு ஒன்றை உள்ளே வைத்து ஒட்டுங்கள். வெறும் பசை, ஒரு தடவை கீழே விழுந்தால் கைவிட்டுவிடும். கேடயத்துக்குத் தயிர்க் கோப்பை உதவும். அடியில் முக்கோணத்துக்குள் 6 என்ற எண் இருந்தால் அது பாலிஸ்டைரீன், பிளாஸ்டிக் சிமெண்டிலேயே ஒட்டும்.

வேறு புட்டிகளைப் பற்றியும் கேட்பீர்கள். வேல்ஸில் தயாராகும் மில்லிபுட் தண்ணீரில் வழவழப்பாகும், இறுகிய பிறகு உப்புத்தாளில் தேய்க்கலாம். கிரீன் ஸ்டஃப் ரப்பர்த்தன்மை உள்ளதால் தேய்க்க வராது. கவசம், பாறை என்றால் இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்துகொள்வேன். அடுப்பில் சுடும் பாலிமர் களிமண்ணை இந்த வேலைக்குத் தொடாதீர்கள். அதற்கு 130 டிகிரி வேண்டும், உங்கள் பிளாஸ்டிக் வீரன் 100 டிகிரி அருகிலேயே துவண்டுவிடுவான். ரெசினைத் தேய்க்கும்போது தண்ணீரில் நனைத்துத் தேய்த்து முகக்கவசம் அணியுங்கள்; அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

நம் ஊர் ஈரக் காற்றால் சூப்பர் குளூ விரைவாகப் பிடிக்கும், ஆனால் சுற்றிலும் வெண்படலம் படியும். துளியளவு மட்டும் வைத்து, காற்றோட்டமாகச் செய்யுங்கள். ப்ரைமர் (அடிப்பூச்சு) ஸ்ப்ரேயும் மழைக்குப் பிந்திய காற்றில் சொரசொரப்பாகிவிடும். தாழ்வாரத்தில் நின்று அடித்தால் பக்கத்து வீட்டாரின் கோபம் வேறு. தூரிகையால் பூசும் ப்ரைமர் வாங்கிவிடுங்கள். அதற்கு முன், புட்டி இறுகி ஒரு முழு நாள் ஆன பிறகு, உருவத்தைச் சோப்புத் தண்ணீரில் பழைய பல்துலக்கியால் மெல்லக் கழுவிக் காயவையுங்கள். வாசலின் எங்காவது ஒட்டியிருந்தால் அந்த இடத்தில் வண்ணம் நிற்காது, பெரும்பாலும் வேட்டி மடிப்புக்குள்தான் அது ஒளிந்திருக்கும்.