ஊசி போட்டால் உடம்பு போடுமா?

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தவை: கருத்தடையும் உடல் எடையும். தர்மபுரியில் என்னிடம் வரும் பெண்களிடம் "எந்த முறை வேண்டும்?" என்று கேட்டால், "எது போட்டா உடம்பு போடாது டாக்டரம்மா?" என்றுதான் திருப்பிக் கேட்கிறார்கள். இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. எடை கூடுகிறதே என்று மாத்திரையை நடுவில் நிறுத்திவிட்டு, வேறெதுவும் பயன்படுத்தாமல் இருந்து, ஹீமோகுளோபின் 7-ல் இருக்கும்போது மூன்றாவது கர்ப்பத்தோடு வந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களை நினைத்துத்தான் இந்த முறை இதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: எனக்கு வயது 26, இரண்டு குழந்தைகள். அரசு மருத்துவமனையில் அந்தரா ஊசி போட்டுக்கொள்கிறேன். இரண்டு ஊசி முடிந்துவிட்டது, மூன்றாவது அடுத்த வாரம். முதல் ஊசியின்போது 54 கிலோ இருந்தேன், இப்போது 58. ஊசிதான் காரணமா? நிறுத்தினால் இறங்கிவிடுமா? (பாலக்கோடு)

உங்கள் விஷயத்தில் ஊசி காரணமாக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. கருத்தடை முறைகளில் எடை கூடுவதற்கு மிகத் தெளிவான ஆதாரம் இருப்பது இந்த ஒன்றுக்குத்தான்.

அந்தராவில் இருப்பது மெட்ராக்சிபுரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன். 150 மில்லிகிராம், மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. சிலருக்கு இது பசியைத் தூண்டுகிறது. "சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் மறுபடி வயிறு கேட்கிறது" என்று சொல்பவர்கள் உண்டு. கூடுவது பெரும்பாலும் கொழுப்பு, நீர்க்கோப்பு இல்லை. ஆனால் எல்லோருக்கும் கூடுவதில்லை. ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளில் ஏறத்தாழ 7,800 பெண்களைக் குலுக்கல் முறையில் மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு இந்த ஊசி, ஒரு குழுவுக்குக் கைத் தோலுக்கடியில் வைக்கும் ஹார்மோன் குச்சி, ஒரு குழுவுக்குக் காப்பர் டி கொடுத்துப் பார்த்தார்கள். ஓராண்டுக்கு மேல் கவனித்தபோது சராசரியாக ஊசிக் குழுவில் சுமார் மூன்றரை கிலோவும், குச்சிக் குழுவில் இரண்டு கிலோவுக்குச் சற்று மேலும் கூடியிருந்தது. ஹார்மோனே இல்லாத காப்பர் டி குழுவிலும் ஒன்றரை கிலோ கூடியிருந்தது. இந்தக் கடைசி எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த மருந்தும் இல்லாமலேயே வருடம் ஓட ஓட நமக்கெல்லாம் கொஞ்சம் எடை ஏறுகிறது. அதையும் கழித்துவிட்டுத்தான் ஊசியின் கணக்கைப் போட வேண்டும்.

நான் பின்பற்றும் அளவுகோல் ஒன்று இருக்கிறது. முதல் ஆறு மாதத்தில் ஆரம்ப எடையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் கூடியவர்களுக்கு, ஊசியைத் தொடர்ந்தால் மேலும் கூடிக்கொண்டே போகும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. 54 கிலோவுக்கு நூற்றுக்கு ஐந்து என்றால் 2.7 கிலோ. உங்களுக்கு நான்கு கிலோ கூடிவிட்டது. அதனால் உங்களுக்கு என் ஆலோசனை, முறையை மாற்றிவிடுங்கள். இதே கேள்வியை ஒரு கிலோ கூடியவர் கேட்டிருந்தால், ஊசியையே தொடரச் சொல்லியிருப்பேன்.

மாற்றும்போது ஒரு தப்பு மட்டும் செய்துவிடாதீர்கள். அடுத்த வாரம் ஊசிக்குப் போகாமல் வீட்டில் இருந்துவிடாதீர்கள். அதே தேதிக்குப் போய், "எனக்கு எடை கூடுகிறது, வேறு முறை கொடுங்கள்" என்று கேளுங்கள். அன்றைக்கே காப்பர் டி போட்டுக்கொள்ளலாம், அல்லது ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரை ஆரம்பிக்கலாம். எடை உடனே இறங்காது. மருந்து உடம்பை விட்டு முழுவதும் போக மாதக்கணக்காகும். கடைசி ஊசிக்குப் பிறகு மறுபடி கரு நிற்கவே பொதுவாக 7 முதல் 10 மாதம் ஆகிறது. ஆனால் சிலருக்குச் சீக்கிரமே நின்றுவிடும் என்பதால் அந்த இடைவெளியை நம்பி இருக்க முடியாது.

இனி புதிதாக அந்தரா போட்டுக்கொள்பவர்களுக்கு: முதல் ஊசி அன்றைக்கே உங்கள் எடையை அட்டையில் எழுதித் தரச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து எதை வைத்துக் கணக்குப் போடுவது? பழைய ரவிக்கை பிடிக்கிறது என்பதை வைத்துத்தான் பலர் சொல்கிறார்கள், அது போதாது.

கேள்வி: ஓசூரில் கம்பெனியில் வேலை. ஷிப்ட் மாறி மாறி வரும். திருமணமாகி எட்டு மாதம். தினசரி கருத்தடை மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதத்தில் 2 கிலோ கூடிவிட்டது. நிறுத்திவிடலாமா? (ஓசூர்)

நிறுத்த வேண்டாம், இன்னும் ஒரு மாதம் பாருங்கள். தினசரி மாத்திரையில் இரண்டு ஹார்மோன்கள் இருக்கின்றன. அதில் ஈஸ்ட்ரோஜன் ஆரம்பத்தில் உடம்பில் கொஞ்சம் உப்பையும் நீரையும் தேக்கி வைக்கும். மார்பு கனக்கும், மோதிரம் இறுகும். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் அது அடங்கிவிடும். இந்த வகை மாத்திரைகள் பெரிய அளவில் எடையைக் கூட்டுகின்றன என்பதற்கு, பல ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தும் ஆதாரம் கிடைக்கவில்லை.

எனக்கு உங்கள் ஷிப்ட் மேல்தான் சந்தேகம். இரவு இரண்டு மணிக்கு கேன்டீனில் சாப்பாடு, தூக்கத்தை விரட்ட இனிப்பு டீ, காலையில் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியதும் டிபன், அப்புறம் படுக்கை. தூக்கம் குறைந்தால் பசி கூடும் என்பது நன்றாக நிரூபிக்கப்பட்ட விஷயம். திருமணமான முதல் ஆண்டில் விருந்தும் பலகாரமுமாகச் சாப்பாடு மாறியிருக்கும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எடையை விட எனக்கு வேறொரு கவலை. ஷிப்டோடு சேர்த்து மாத்திரை நேரத்தையும் மாற்றிவிடுகிறீர்களா? எல்லா ஷிப்டிலும் விழித்திருக்கும் ஒரு நேரத்தைப் பிடியுங்கள், மாலை ஏழு மணி மாதிரி. செல்போனில் அலாரம் வையுங்கள். ஒரு நாள் விட்டுவிட்டால் ஞாபகம் வந்ததும் போட்டுக்கொண்டு தொடருங்கள். இரண்டு நாளோ அதற்கு மேலோ விட்டுப்போனால், ஒன்றை உடனே போட்டுவிட்டு அடுத்த ஏழு நாளைக்கு ஆணுறையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும்.

ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டீர்களா? 140/90-ஐத் தொட்டால் இந்த மாத்திரை கூடாது. தலைவலி வரும் முன் கண்ணில் மின்னல் மாதிரி தெரிகிற ஒற்றைத் தலைவலி இருந்தாலும் கூடாது. இதைப் பார்க்காமல் கடையில் நேராக வாங்கிப் போடுபவர்கள் நிறையப் பேர், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: என் மருமகளுக்குப் பிரசவம் ஆன கையோடு ஆஸ்பத்திரியில் காப்பர் டி போட்டுவிட்டார்கள். குழந்தைக்கு இப்போது பத்து மாதம். மருமகள் ரொம்ப உடம்பு போட்டுவிட்டாள். எடுத்துவிடச் சொல்லி நானும் சொல்கிறேன், அவள் அம்மாவும் சொல்கிறார். (பென்னாகரம்)

மருமகள் மேல் அக்கறையோடு எழுதியிருக்கிறீர்கள், அதனால் நேராகவே சொல்கிறேன் அம்மா. காப்பர் டி-யில் எடையைக் கூட்டும் மருந்து எதுவுமில்லை. பிளாஸ்டிக் தண்டில் செம்புக் கம்பி சுற்றியிருக்கும், அவ்வளவுதான். ஹார்மோன் கிடையாது. கர்ப்பப்பைக்குள்ளேயே அதன் வேலை முடிந்துவிடுகிறது. எடுத்தாலும் உங்கள் மருமகளின் எடை ஒரு கிலோ கூட இறங்காது. ஆனால் அடுத்த மாதமே கரு நிற்கலாம். இன்னொரு கர்ப்பம் என்றால் பத்துப் பன்னிரண்டு கிலோ ஏறும், அதில் ஒரு பங்கு அப்படியே தங்கிவிடும்.

அப்படியானால் இந்த எடை எங்கிருந்து வந்தது? கர்ப்பத்தில் ஏறியதே இன்னும் இறங்காமல் இருக்கலாம். பிள்ளை பெற்ற உடம்பு என்று நாம் ஊட்டும் நெய்யும் லேகியமும் சோறும் ஒருபுறம். குழந்தைக்குப் பால் கொடுப்பதால் தாய்க்குத் தினமும் ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாகத் தேவைப்படுவது உண்மை. ஆனால் அது ஒரு வேளைச் சாப்பாட்டை விடக் குறைவு. பத்தாவது மாதத்தில் குழந்தை இட்லியும் பருப்புச் சாதமும் சாப்பிட ஆரம்பித்துப் பால் குறைந்திருக்கும், தாயின் தட்டு மட்டும் குறைந்திருக்காது.

நம் பக்கத்து வீடுகளில் களியின் இடத்தைச் சோறு பிடித்துக்கொண்டதையும் நான் கவனிக்கிறேன். காலையில் கூழ், மதியம் களியும் கீரைக் கடைசலும் என்றிருந்த வீடுகளில் இப்போது மூன்று வேளையும் அரிசி. 2023-ல் தர்மபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக மாதம் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். அதை வாங்கிக் களி கிண்டுங்கள், தொட்டுக்கொள்ளக் கீரையும் அவரைக்கொட்டையும் நிறைய இருக்கட்டும். ஆனால் களி என்பதற்காக இரண்டு பெரிய உருண்டை சாப்பிட்டால் எடை ஏறத்தான் செய்யும். மருமகளுக்கு ஒரு உருண்டை போதும்.

காப்பர் டி போட்டவர்களுக்கு முதல் சில மாதங்கள் மாதவிலக்கு அதிகமாகப் போகலாம், வலி இருக்கலாம். அதனால் அவரை ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு கோளாறு வருவது உண்டு. மலச்சிக்கல், முடி உதிர்தல், எப்போதும் சோர்வு என்று இருந்தால் கட்டாயம் பார்க்க வேண்டும். அப்புறம், காப்பர் டி-யை எடுப்பதா வைப்பதா என்பதைக் கடைசியில் மருமகள்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்து நான்கு வருடத்தில் 12 கிலோ கூடிவிட்டேன். வயது 33. ஆபரேஷன் செய்தால் ஊதிவிடும் என்று முன்பே சொன்னார்கள், நான்தான் கேட்கவில்லை. (அரூர்)

நீங்கள் எடுத்த முடிவு சரியானதுதான். அந்த ஆபரேஷனில் கருக்குழாய்களை மட்டும் கட்டி வெட்டுகிறோம். ஹார்மோன் சுரக்கும் சினைப்பையைத் தொடுவதே இல்லை, அது எப்போதும் போல வேலை செய்யும். ஆபரேஷனுக்குப் பிறகு "கனமான வேலை செய்யாதே" என்று வீட்டில் சொல்வார்கள். சில வாரங்களுக்குச் சொன்னதை வருடக்கணக்கில் கடைப்பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். நீங்களும் வயல் வேலையை அப்போது விட்டவரா என்று யோசித்துப் பாருங்கள். 12 கிலோ என்பது சும்மா விடக்கூடிய அளவு இல்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு மூன்றும் பாருங்கள். மாதவிலக்கு தள்ளிப் போனால் சினைப்பை நீர்க்கட்டிக்கும் பார்க்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. அந்தத் திட்டத்தின் ஊழியர் உங்கள் தெருவுக்கு வரும்போது சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: சாயா மாத்திரையால் எடை கூடுமா? (ஊத்தங்கரை)

கூடாது. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய மாத்திரை இது, ஹார்மோன் வகையைச் சேர்ந்ததில்லை. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. பால் கொடுப்பவர்களும் போடலாம். சிலருக்கு மாதவிலக்கு தள்ளிப் போகும், அதைக் கர்ப்பம் என்று நினைத்துப் பயப்படுவார்கள். தேதி பதினைந்து நாளுக்கு மேல் தள்ளினால் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

கேள்வி: வயது 31, எடை 88 கிலோ, உயரம் 155 சென்டிமீட்டர், நீர்க்கட்டி உண்டு. எடை குறைக்க வாரம் ஒருமுறை போடும் மவுஞ்சாரோ ஊசி எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். ஏற்கனவே கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறேன். இரண்டும் ஒத்துப்போகுமா? (கிருஷ்ணகிரி)

நல்ல நேரத்தில் கேட்டீர்கள். இந்த ஊசியில் உள்ள டிர்செபடைட் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. அதனால் வாயில் போடும் கருத்தடை மாத்திரை உடம்பில் சேருவது குறையலாம். ஊசி ஆரம்பித்த முதல் நான்கு வாரமும், ஒவ்வொரு முறை அளவைக் கூட்டிய பின் நான்கு வாரமும் ஆணுறையைச் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும். வாந்தி, பேதி வந்தாலும் அப்படித்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு எடை குறையக் குறைய நின்றுபோன கருமுட்டை வெளியாவது திரும்பவும் தொடங்கும். வருடக்கணக்கில் கரு நிற்காதவருக்குத் திடீரென்று நிற்கலாம். கர்ப்பத்தில் இந்த ஊசி கூடாது.

உங்கள் எடைக்கு ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரையால் ரத்தக் கட்டி வரும் ஆபத்தும் கொஞ்சம் கூடுதல். ரத்த அழுத்தமோ சர்க்கரையோ, புகைப்பழக்கமோ, குடும்பத்தில் யாருக்காவது கால் நரம்பில் ரத்தம் உறைந்த வரலாறோ இருந்தால் மாத்திரையை விட்டுவிடுவது நல்லது. நான் பார்க்கும் நோயாளியாக இருந்தால் உங்களுக்குக் காப்பர் டி அல்லது ஹார்மோன் சுருள் பற்றித்தான் முதலில் பேசுவேன். இரண்டும் கர்ப்பப்பைக்குள் இருப்பவை என்பதால் இரைப்பையோடு அவற்றுக்குச் சம்பந்தமில்லை. நீர்க்கட்டியால் மாதவிலக்கு தள்ளிப் போகும் உங்களைப் போன்றவர்களுக்குக் கர்ப்பப்பையின் உள்சுவர் தடிக்காமல் காப்பதும் ஹார்மோன் சுருளில் கிடைக்கும் கூடுதல் நன்மை. எடை ஊசி எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கருத்தடை மாத்திரை சாப்பிடுவதைச் சொன்னீர்களா? சொல்லாவிட்டால் அடுத்த முறை போகும்போது மாத்திரை அட்டையையே கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கேள்வி: என் மனைவிக்கு மாத்திரை, ஊசி எல்லாவற்றிலும் எடை பயம். இரண்டு குழந்தைகள் போதும் என்று முடிவெடுத்துவிட்டோம். நான் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று இருக்கிறேன். எனக்கு உடம்பு போடுமா, பலம் குறையுமா? மாங்காய் மண்டியில் மூட்டை தூக்கும் வேலை. (காவேரிப்பட்டணம்)

இந்த மாதக் கடிதங்களிலேயே எனக்கு மிகவும் சந்தோஷம் தந்தது இதுதான். எடை கூடாது, பலமும் குறையாது. விந்தணு வரும் சிறு குழாயை மட்டும் அடைக்கிறோம். ஆண்மை ஹார்மோன் நேராக ரத்தத்தில் கலப்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது. தாம்பத்தியத்திலும் மாற்றம் இருக்காது. கத்தி வைக்காமல் ஊசியளவு துளையில் செய்யும் முறை அரசு மருத்துவமனையில் இலவசம். மரத்துப்போக ஊசி போட்டுப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும், அன்றைக்கே வீடு திரும்பலாம். இரண்டு நாள் ஓய்வு எடுங்கள். மூட்டை தூக்குவதை மட்டும் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். மாங்காய் சீசன் உச்சத்தில் லீவு கிடைக்காது என்றால் சீசன் முடிந்த பிறகு தேதி வாங்கிக்கொள்ளுங்கள்.

குழாயில் ஏற்கனவே தங்கியிருக்கும் விந்தணுக்கள் வெளியேற மூன்று மாதம் ஆகும். அதுவரை ஆணுறை கட்டாயம். மூன்று மாதம் முடிந்ததும் விந்துப் பரிசோதனைக்குக் கொடுத்து, அணுக்கள் இல்லை என்று எழுதி வாங்கிய பிறகு ஆணுறையை நிறுத்துங்கள்.