மைதானத்தில் மாணவர் காயமடைந்தால்: உடற்கல்வி ஆசிரியர்களின் கேள்விகளுக்கு விளையாட்டு மருத்துவரின் பதில்கள்

கேள்வி: சில ஆண்டுகளுக்கு முன் முதலுதவிச் சான்றிதழ் பெற்றேன் ஐயா. அது போதுமா?

பதில்: போதாது. பயிற்சி முடிந்த சில மாதங்களிலேயே நெஞ்சழுத்தச் சிகிச்சையின் செய்முறை கைகளுக்கு மறந்துபோகத் தொடங்குகிறது. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஏறத்தாழ 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும் என்பதை ஒப்பிக்கத் தெரிந்தவர்கள்கூடப் பயிற்சிப் பொம்மையின் முன் அமர்ந்தால் பாதி ஆழத்திலேயே நிறுத்திவிடுவதைக் காண்கிறேன். எவரும் மோதாமலேயே ஒரு மாணவர் திடீரெனச் சரிந்து, அழைத்தும் அசையாமல், விட்டுவிட்டு வாயைத் திறந்து மூச்சிழுப்பது போல் தோன்றினால், அதைச் சுவாசம் என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது. இதயம் நின்றுவிட்டதாகவே கொண்டு, ஆம்புலன்ஸுக்கும், இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுத்து அதன் துடிப்பை மீட்க உதவும் ஏ.இ.டி. கருவிக்கும் ஆளனுப்பிவிட்டு உடனே அழுத்தத் தொடங்குங்கள். ஆகவே சில மாதங்களுக்கு ஒருமுறை பொம்மையில் பழகுங்கள்.

கேள்வி: கால்பந்தாட்டத்தில் இருவரின் தலைகள் மோதிக்கொண்டன. ஒரு மாணவி சற்றுத் தடுமாறிவிட்டு, "சரியாகிவிட்டது சார், ஆடுகிறேன்" என்கிறாள். அனுமதிக்கலாமா?

பதில்: அன்று அவளை மீண்டும் களத்தில் இறக்கவே கூடாது. மூளை அதிர்வுக்கு உள்ளானவர்களில் பெரும்பாலோர் மயக்கமடைவதில்லை. அதனால்தான் இது ஆசிரியரின் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. கடைசி கோலை அடித்தது யார், இது முதற்பாதியா இரண்டாம் பாதியா என்று கேளுங்கள். தயங்கினாலோ, கேட்டதையே திரும்பக் கேட்டாலோ ஐயத்துக்கு இடமில்லை. சரியாகச் சொன்னாலும் தடுமாறியதே அவளை வெளியேற்றப் போதுமானது. திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். கழுத்து வலியோ, கை கால்களில் மரத்துப்போதலோ இருப்பின், ஆம்புலன்ஸ் வரும்வரை கிடந்த நிலையிலேயே அசையாமல் வைத்திருங்கள். நடந்ததைப் பெற்றோருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். மகள் மாலையில் வெறும் களைப்பில் தூங்குகிறாள் என்று அவர்கள் எண்ணிவிடக் கூடும்.

கேள்வி: வெயிலில் ஓடிய மாணவன் நிலை தடுமாறி உளறினால்?

பதில்: வெப்பவாதம் (ஹீட் ஸ்ட்ரோக்) என்றே கொள்ளுங்கள். ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தாதீர்கள். பெரிய தொட்டியில் குளிர்ந்த நீர் இருந்தால் தலையைத் தாங்கிப் பிடித்தபடி கழுத்தளவு அமர்த்துங்கள். இல்லையேல் உடல் முழுவதும் நீரை ஊற்றி விசிறுங்கள். உளறுபவனுக்குக் குடிக்க எதுவும் கொடுக்கக் கூடாது.

கேள்வி: சுளுக்கை நீவி விடலாமா?

பதில்: வேண்டாம். எலும்பு முறிந்திருக்கவும் கூடும். காலை உயர்த்தி, துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். காலை ஊன்றி நான்கு எட்டுகூட வைக்க முடியவில்லையென்றால் எக்ஸ்ரே தேவை.

கேள்வி: தலைமையாசிரியர் என்ற முறையில் நான் செய்ய வேண்டியது என்ன?

பதில்: ஒரே ஆசிரியரிடம் ஒரு வகுப்பு முழுவதையும் ஒப்படைத்துவிட்டு, அவரே காயத்தையும் கவனித்து, தொலைபேசியிலும் பேசி, மற்ற மாணவரையும் அடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. ஆம்புலன்ஸை அழைப்பவர், வாயிற்கதவைத் திறந்து வழிகாட்டுபவர், ஏனைய மாணவரை அழைத்துச் செல்பவர் யார் யார் என்பதைப் பெயர் குறித்து முன்னரே தீர்மானித்து, பருவத்துக்கு ஒருமுறை ஒத்திகை பாருங்கள். ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை உள்ள மாணவரின் பட்டியல் அலுவலக அலமாரியில் இருந்து பயனில்லை. அதன் நகல் ஒன்று உடற்கல்வி ஆசிரியரிடம் இருக்க வேண்டும். முதலுதவிப் பெட்டியும் ஏ.இ.டி. கருவியும் விளையாட்டு நேரம் முழுவதும் பூட்டப்படாத இடத்தில் இருக்கட்டும்.