பைனாகுலர் வாங்கியவருக்கு

அன்புள்ள ஆச்சிக்கு,

வணக்கம். தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். வங்கி வேலையில் முப்பத்து நான்கு வருடம், ஓய்வு பெற்று இரண்டு வருடம். 'புதுசு புதுசாக எதையாவது கத்துக்குங்க, இல்லாட்டி மூளை மழுங்கிடும்' என்று மகன் ஓயாமல் சொல்கிறான். நானும் சும்மா இருக்கவில்லை. கீபோர்டு வகுப்பு, மாடித்தோட்டம், பங்குச்சந்தை ஆப், கடைசியாகப் பறவை பார்ப்பது. பதினாலாயிரம் கொடுத்து பைனாகுலர் வாங்கி, மே மாதம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் போனேன். ஒரு பறவை இல்லை. எதிலும் மூன்று மாதத்துக்கு மேல் ஆர்வம் நிற்பதில்லை. பக்கத்து வீட்டுப் பெண் செல்போனை வைத்துக்கொண்டே முறுக்கு சீடை விற்கிறாள். எதிர்த்த பெரிய வீட்டில் யார் யாரோ வந்து ரீல்ஸ் எடுக்கிறார்கள். இதெல்லாம் பண்பாட்டைக் கெடுக்கிறதா, இல்லை எனக்குத்தான் வயதாகிவிட்டதா? சிக்கனத்தாலும் அடக்கத்தாலும் கட்டிய ஊர் நம் செட்டிநாடு. புதுசுக்குப் பின்னால் அலைவது நம் இயல்புதானா? என் வயதுக்கு ஏற்ற ஒரு நல்ல பொழுதுபோக்கைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில் ஒரு பழைய வயர் கூடையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தப் பதில். மற்றபடி பொழுதுபோக்கு கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் எழுதுவதில்லை.

ரீல்ஸ் எந்தப் பண்பாட்டையும் கெடுக்காது. முகப்புத் தூணைப் பெயர்த்து விலை பேசியவர்கள் நாம். மிச்சமிருக்கிற தூணுக்கு முன்னால் நின்று ஆடுகிற பிள்ளையைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. பங்குச்சந்தை பற்றி வங்கிக்காரர் என்னிடம் கேட்பது நியாயமில்லை. கீபோர்டு போனால் போகட்டும்.

பைனாகுலருக்கு வருகிறேன். மே மாதம் வேட்டங்குடியில் உங்களுக்கு என்ன வேலை? கண்மாயில் தண்ணீர் நின்றால்தான் பறவை வரும். ஐப்பசி கார்த்திகை மழையில் கண்மாய் நிறைந்த பிறகுதான் நத்தைகுத்தி நாரையும் கொக்கும் வந்து மரத்தில் கூடு கட்டும். இதைத் தெரிந்துகொள்ளப் பதினாலாயிரம் வேண்டாம். அந்த ஊர் டீக்கடையில் ஒரு டீ வாங்கிக் குடித்துக்கொண்டே கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் இன்னொன்றும் சொல்லியிருப்பார்கள். பறவைகள் மிரண்டுவிடும் என்று கொள்ளுகுடிப்பட்டியிலும் வேட்டங்குடிப்பட்டியிலும் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அரசாங்கம் அதைச் சரணாலயம் என்று அறிவித்தது 1977இல். ஊர்க்காரர்கள் இன்றுவரை வெடியைத் தொடாமல் இருக்கிறார்கள். பத்து வயதுப் பையன்கள் அந்த ஊரிலும் இருக்கிறார்கள்தானே? தீபாவளி அன்றைக்கு அவர்களை எப்படிச் சமாதானம் செய்கிறார்கள், பக்கத்து ஊர் வெடிச்சத்தம் கேட்கும்போது அவர்கள் முகம் எப்படி இருக்கும் என்று கேட்க உங்களுக்குத் தோன்றவே இல்லை. நீங்கள் போய்ப் பார்த்தது பைனாகுலரைத்தான்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். கூடையைப் பற்றிச் சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். எனக்குப் பதிமூன்று வயது இருக்கும். பிளாஸ்டிக் வயர் கூடை எங்கள் ஊருக்குப் புதுசு. மதுரையிலிருந்து ஓர் ஆச்சி, எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், பச்சையும் வெள்ளையுமாக ஒரு கூடையோடு வந்திறங்கினார். எங்கள் அப்பத்தா அதுவரை பனை ஓலையில் கொட்டான் கூடை முடைந்தவர். கல்யாணத்துக்குச் சாமான் பரப்பும்போது அப்பத்தா முடைந்த கொட்டான் எது என்று தனியாகத் தெரியும், விளிம்பு அப்படி நிற்கும். அவர் வந்தவரை 'வாங்க' என்று சொன்னதோடு சரி, கண் முழுக்கக் கூடையிலேயே இருந்தது.

மதியம் விருந்தாளி சாப்பிட்டுவிட்டு இரண்டாம் கட்டில் படுத்துத் தூங்கிவிட்டார். நான் வளவுக்குள், முற்றத்துப் பக்கம், வந்து பார்க்கிறேன், அப்பத்தா தூணில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். மடியில் கூடை இல்லை. ஒரு கத்தை வயர்தான் கிடக்கிறது, அவிழ்த்த ஜடை மாதிரி நெளிநெளியாக. கூடைக்குள் இருந்த மூக்குக் கண்ணாடி, சுருக்குப்பை, வாடிய மல்லிகைச் சரம் எல்லாம் ஒரு தாம்பாளத்தில் ஒழுங்காக எடுத்து வைக்கப்பட்டிருந்தன.

"அப்பத்தா, என்ன காரியம் பண்ணீங்க!"

"சத்தம் போடாதடி. எங்ஙன ஆரம்பிச்சிருக்கான்னு பாக்குறேன்."

அடியில் நாலு முடிச்சை மட்டும் அவிழ்க்காமல் விட்டிருந்தார். அதைப் பார்த்துப் பார்த்து முடிச்சுப் போடத் தொடங்கினார். இரண்டு வயரை மடக்கி ஒன்றின் வளைவுக்குள் இன்னொன்றை நுழைத்து நாலு நுனியையும் சேர்த்து இழுத்தால் நடுவில் ஒரு சதுரம் உட்காரும். முதலில் உட்காரவில்லை. சதுரம் கோணிக்கொண்டு வந்தது. அவிழ்த்தார், திரும்பப் போட்டார். வயர் வழுக்கியது, பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டார். விருந்தாளி எழுந்து வந்தபோது கூடை ஒரு சாண் உயரம் எழுந்திருந்தது. அந்த ஆச்சி முகத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. சாயங்கால பஸ்ஸை விட்டுவிட்டார். மறுநாள் மத்தியானம் கூடை அவரோடு மதுரை போனது, ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்துகொண்டு. 'அது உங்க அப்பத்தா கூடை' என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரமே அப்பத்தா காரைக்குடியிலிருந்து வயர் ரோல் வாங்கிவரச் சொன்னார். சிவன் கண், நெல்லிக்காய் என்று முடிச்சு முடிச்சாகப் பிடித்தார். விற்கலாமே என்று அப்பச்சி, அதாவது என் அப்பா, சொன்னதற்கு, "ஒண்ணு பின்ன ரெண்டு நாள், ரோல் என்ன விலை, கணக்குப் போட்டுப் பாத்தியா?" என்று கேட்டார். அப்பத்தா அதற்குள் போட்டுப் பார்த்திருந்தார். ஏழெட்டுக் கூடையோடு நிறுத்திவிட்டார். அதில் தெரிந்துகொள்ள அவருக்கு மேற்கொண்டு எதுவும் இருக்கவில்லை. மூன்று மாதம்கூட ஆகியிருக்காது, தம்பி. மூன்று மாதத்தில் விட்டுவிட்டோம் என்று நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. அந்த மூன்று மாதத்தில் எதையாவது அவிழ்த்தீர்களா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

இப்போது அந்தச் சிக்கனம். இதைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. பர்மாத் தேக்கும் இத்தாலிச் சலவைக்கல்லும் பெல்ஜியம் கண்ணாடியும் கப்பலில் வரவழைத்துக் கட்டிய வீடுகளைப் பார்த்துவிட்டுச் சிக்கனம் என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது? நம்மவர்கள் சம்பாதித்தது வாய் திறந்து கேட்டதால். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது, பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி வந்தது, காடு திருத்திப் பயிர் வைக்கிறவனுக்கு வட்டிக்காவது பணம் தேவைப்பட்டது. இது கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ திண்ணையில் இருப்பவருக்கு எப்படித் தெரிந்தது? போனவர்கள் கேட்டுக் கேட்டு எழுதினார்கள். கடையில் எடுபிடியாக, பெட்டியடிப் பையனாகப் போகும் பொடியன்கூட அங்கே என்ன மழை, என்ன விலை, யார் கடை திறந்தார், யார் கடை மூடினார் என்று எழுதியாக வேண்டும். மூன்று வருடக் கணக்கு முடித்து ஏஜென்ட் ஊர் திரும்பும்போது பேரேட்டோடு இந்தச் சேதி மூட்டையும் வரும்.

எங்கள் ஐயா, அதாவது தாத்தா, பர்மாவில் பெகு பக்கம் ஒரு வட்டிக்கடையில் ஏஜென்டுக்கு உதவியாக, அடுத்தாளாக இருந்தவர். அவர் எழுதிய கடிதங்கள் பெட்டகத்தில் இருந்தன, நான் படித்திருக்கிறேன். குடை விலை இருக்கிறது, நெல் விலை இருக்கிறது, ரங்கூனில் டிராம் வண்டியில் ஏறியது இருக்கிறது. ஒரு பர்மாக்காரர் பெயர் இல்லை. அத்தனை கடிதத்திலும் ஒன்றுகூட இல்லை. பணம் வாங்கியவர் எந்த ஊர், அவருக்கு எத்தனை பிள்ளை, கடன் திரும்பாவிட்டால் அவர் என்ன ஆவார் என்று ஐயா எழுதவே இல்லை. 1930இல் நெல் விலை விழுந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் அதுவரை இருந்த நிலம் நூற்றுக்கு ஆறு. ஏழெட்டு வருடத்தில் அது நூற்றுக்கு இருபத்தைந்து ஆனது. அவர்கள் அதை ஆசைப்பட்டு வாங்கவில்லை, கடனுக்குப் பதிலாக வந்து விழுந்தது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் கால் பங்கு நிலத்தை இழந்தவன் நம்மை என்ன நினைப்பான் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. 1942இல் ஜப்பான்காரன் வந்தான், ஐயா காடு மலை தாண்டி நடந்தே ஊர் வந்து சேர்ந்தார். 1948இல் பர்மாவே நிலத்தைத் தேசியமாக்கச் சட்டம் போட்டது. 'நன்றி கெட்டவனுக' என்று ஐயா கடைசிவரை சொன்னார். அவர்களில் ஒருவர் பேராவது தெரியுமா என்று நான் கேட்டதில்லை. கேட்கும் வயது எனக்கு வந்தபோது அவர் இல்லை.

அப்பத்தா இதைப் பற்றி என்ன நினைத்தார் என்று தெரியாது. அவர் தேவகோட்டை தாண்டிப் போனதே இரண்டு மூன்று தடவைதான்.

'நம் இயல்பா' என்று கேட்டீர்களே. காரைக்குடியில் கிராமபோன் தட்டு விற்ற கடைக்காரர் வீட்டுப் பிள்ளைதான் ஏவி. மெய்யப்பன். தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஸ்டூடியோ நடத்திவிட்டு 1948இல் சென்னைக்குப் போனார். அழகப்பர் விமானம் ஓட்ட லைசென்ஸ் எடுத்தவர். மின்வேதியியல் என்றால் என்ன என்று இந்தப் பக்கம் யாருக்கும் தெரியாத காலத்தில் அந்த ஆராய்ச்சிக்கூடம் இங்கே வர வேண்டும் என்று 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்தார். பொழுதுபோக்கு என்றால் கோட்டையூர் ரோஜா முத்தையாவை நினைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் குப்பையில் போட்டதையெல்லாம் சேர்த்தார். அவர் காலமான பிறகு அதைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது, 1994 முதல் சென்னையில் நூலகமாக நிற்கிறது. ஊரில் அவரை எத்தனை பேர் பைத்தியம் என்று சொல்லியிருப்பார்கள் என்று எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நானும் அந்த மாதிரி சொல்கிற ஆள்தான்.

அதையும் சொல்லிவிடுகிறேன். 1987 வாக்கில் ஒருவர் சைக்கிளில் வந்து எனாமல் சாமான் எடுப்பதாகச் சொன்னார். அடியில் ஸ்வீடன் என்று அச்சடித்த தூக்கு, பூப்போட்ட தட்டு, மூடி போட்ட பெரிய கிண்ணங்கள், எல்லாம் ஆத்தாளுக்குச் சீராக வந்தவை. எனக்கு அடைசல். எத்தனை பிளாஸ்டிக் வாளி கொடுப்பீர்கள் என்று கேட்டேன். இரண்டு என்றார், நான் பேரம் பேசி மூன்றாக்கினேன். சந்தோஷமாக இருந்தது. 'இதையெல்லாம் என்ன பண்ணுவீங்க?' என்று கேட்கவில்லை. பத்து வருடம் கழித்து காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழம்பொருள் கடையில் அதே தூக்கைப் பார்த்தேன். கைப்பிடிக்குப் பக்கத்தில் பூச்சுப் பெயர்ந்த இடம் பிறை மாதிரி இருக்கும், அதனால் தெரிந்தது. விலை கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். பணம் போனது வலித்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சைக்கிள்காரருக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்து உட்கார வைத்துக் கேட்டிருந்தால், எந்த ஊருக்குப் போகிறது, யார் வாங்குகிறார்கள், எதற்கு என்று ஒரு புதுத் தொழில் முழுக்க என் திண்ணையிலேயே தெரிந்திருக்கும். அப்பத்தாவின் பேத்திக்கு அது தோன்றவில்லை.

எங்கள் தெருவிலும் பலகாரம் விற்கும் ஒரு பெண் இருக்கிறாள். போன மாதம் அவள் வீட்டுக்குப் போனேன். சிங்கப்பூருக்குப் போகும் சீப்புச் சீடை எப்படிச் சிக்கு வாடை அடிக்காமல் போய்ச் சேருகிறது என்று கேட்டேன். காற்றில் இருக்கும் ஆக்ஸிஜன்தான் எண்ணெயைக் கெடுக்கிறதாம், அதனால் பையில் நைட்ரஜன் அடைக்கிறாளாம். வெறுமனே காற்றை உறிஞ்சி எடுத்தால் ஆகாதா என்றேன். "ஆச்சி, பை அமுங்கி சீப்புச் சீடை மாவாப் போயிரும்" என்று சிரித்தாள். ஒரு பையை அடைத்தும் காட்டினாள். தலையணை மாதிரி உப்பிக்கொண்டது. சாயங்காலம் வரை அங்கேயே இருந்தேன், காபி கொடுத்தாள், சீடையும்தான். உப்பு ஒரு துளி தூக்கல். சொன்னேன், குறித்துக்கொண்டாள்.

உங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் இதுவரை என்ன கேட்டீர்கள்? நீங்கள் வங்கியில் எத்தனையோ பேருக்குத் தொழில் கடன் கொடுத்திருப்பீர்கள். அந்தக் கோப்புகளில் ஐயாவின் கடிதத்தில் இருந்ததெல்லாம் இருந்திருக்கும். போய்க் கதவைத் தட்டுங்கள். கடன் வேண்டுமா என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.

பொழுதுபோக்கு சொல்ல மறந்துவிட்டேன், பாருங்கள். சரி, பைனாகுலரை விற்க வேண்டாம். கார்த்திகை கழிந்து கண்மாய் நிறைந்ததும் தகவல் சொல்லுங்கள், நானும் வேட்டங்குடிக்கு வருகிறேன். முழங்கால் வலி, அதிகம் நடக்க முடியாது. ஊருக்குள் டீக்கடையில் உட்கார்ந்துகொள்கிறேன், நீங்கள் கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். வயர் கூடையில் சாப்பாடு கட்டி எடுத்து வருகிறேன். கைப்பிடி மட்டும் ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கிறது, அதற்குள் முடிச்சுப் போட்டுவிடுவேன்.

அன்புடன்,
ஆச்சி