வாசகர் கேள்வி: ‘பெட் ராட்டிங்’ என்று போடுகிறாள் மகள்

கேள்வி: பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் (23) இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில் “பெட் ராட்டிங், நாள் 2”, “ஃப்ளாப் எரா” என்றெல்லாம் போடுகிறாள். அர்த்தம் தேடினால் “படுக்கையில் அழுகுதல்” என்று வருகிறது! போன வாரம் “வில்லன் எரா”. கேட்டால் “சும்மாம்மா” என்கிறாள். பயப்பட வேண்டுமா?
— வாசகி, திருச்சி

பதில்: பெட் ராட்டிங் என்றால் பாயே கதியென்று கிடப்பது. தூக்கமும் இல்லை, காய்ச்சலும் இல்லை. போர்வைக்குள் போன், பக்கத்தில் சிப்ஸ் பாக்கெட். இதற்கு அக்காள் முறை ‘காப்ளின் மோட்’. தலை சீவாமல், யார் என்ன நினைத்தால் என்ன என்று திரிவது. 2022இல் மக்கள் வாக்களித்து ஆக்ஸ்ஃபோர்டின் ‘ஆண்டின் சொல்’ ஆனது.

‘ஃப்ளாப் எரா’ தொட்டதெல்லாம் சொதப்பும் காலம். பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் தன் ஆல்பங்களை ஒவ்வொரு ‘எரா’வாகப் பிரித்து 2023இல் சுற்றுப்பயணம் தொடங்கிய பிறகு இந்த ஒட்டு இன்னும் பரவியது. நம் வீடுகளில் “ஏழரை நடக்குது” என்பார்களே, அதே கணக்கு. இந்தக் காலம் முடிந்துவிடும் என்ற நினைப்பு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘வில்லன் எரா’ நல்ல செய்தி: எல்லாவற்றுக்கும் தலையாட்டியவள் “முடியாது” என்று சொல்லப் பழகுகிறாள். உங்களிடமும் சொல்வாள், தயாராக இருங்கள்.

கலங்க வேண்டிய சொற்கள் வேறு. ‘அன்அலைவ்’ என்பது தற்கொலையைக் குறிக்கும்; நேரடிச் சொல்லைப் போட்டால் செயலி பதிவை அமுக்கிவிடும் என்று டிக்டாக்கில் புழங்கிய மாற்று. ‘க்ரிப்பி சாக் வெகேஷன்’ அமெரிக்கச் சரக்கு. அங்கே மனநல வார்டில் ஷூ லேஸை வாங்கிவைத்துக்கொண்டு, அடியில் ரப்பர் பிடிப்பு உள்ள வழுக்காத காலுறை தருவார்கள். அங்கே அட்மிட் ஆவதைத்தான் ‘விடுமுறை’ என்கிறார்கள். ரீல்ஸில் ஒட்டிக்கொண்டதாகவும் இருக்கலாம். ஆனாலும் மகள் இவற்றைப் போட்டால் அன்றைக்கே அழைத்துவிடுங்கள்.

அழைக்கும்போது சொல்லுக்கு அர்த்தம் கேட்காதீர்கள். அகராதிப் பாடம் நடக்கும், பேச்சு திசைமாறும். “சாப்பிட்டியா?”வுக்கு “ம்” மட்டும்தான் வரும். “நேத்து எத்தனை மணிக்குத் தூங்கினே? கடைசியா எப்ப வெளியே போனே?” என்று எண்ணிச் சொல்ல வேண்டியதாகக் கேளுங்கள். சனி, ஞாயிறு கிடந்தால் அது ஓய்வு. 2 வாரமாக அநேகமாக தினமும் சோர்வு, தூக்கமோ பசியோ மாறியிருக்கிறது, பிடித்ததிலும் நாட்டமில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். சந்தேகம் வந்தால் “செத்துடலாம்னு தோணுதா?” என்றே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. “ஆமா” என்றால் அவளைத் தனியே விடாமல் அறைத்தோழியை உடனே கூட இருக்கச் சொல்லுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.

கேள்வி: என் தங்கை எதற்கெடுத்தாலும் “கேனன் ஈவென்ட்” என்கிறாளே?
— வாசகர், மதுரை

பதில்: 2023இல் வந்த ஸ்பைடர்மேன் கார்ட்டூன் படத்தின் சொல்: நடந்தே தீர வேண்டியது, தடுத்தால் உலகமே குலையும். முதல் காதல் முறிவு, தானே கத்தரித்துக் கெடுத்த முன்முடி இவற்றுக்கெல்லாம் சொல்கிறார்கள். முடி வளர்ந்துவிடும், விடுங்கள். கடன் செயலியில் பணம் எடுப்பதற்கும் இதையே சொன்னால் தடுத்துவிடுங்கள்.