ஒன்றா, இரண்டா?

வணக்கம். பேர்பெற்ற விளையாட்டு வீரர்கள் அரசியலுக்கு வருவது பற்றி வீட்டில் ஒரு வாக்குவாதம். முகத்தைப் பார்த்து ஓட்டுப் போடுகிறார்கள், வேறொன்றுமில்லை என்பது என் கட்சி. ஆடியவர் வேறு, பயிற்சியாளராக ஓர் அணியை வருடக்கணக்கில் கட்டி மேய்த்தவர் வேறு, அப்படிப்பட்டவருக்கு நிர்வாகம் தானாக வரும் என்கிறார் அண்ணன். டாம் ஆஸ்போர்ன் என்ற அமெரிக்கரைச் சாட்சிக்கு இழுக்கிறார். யார் இவர்? அண்ணன் சொல்வது சரிதானா?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

அண்ணன் நல்ல ஆளைத்தான் பிடித்திருக்கிறார். ஆனால் அந்தச் சாட்சி அவருக்குப் பாதிதான் உதவும்.

முதலில் ஒன்று. ஆஸ்போர்ன் ஆடியது நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம் இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும் எறிவதும்தான் அமெரிக்க ஃபுட்பால். காலுக்கு அதில் வேலை குறைவு. பெயர் வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

நெப்ராஸ்கா மாநிலத்தின் ஹேஸ்டிங்ஸ் ஊரில் 1937-இல் பிறந்தவர். உள்ளூர்க் கல்லூரியில் ஆடினார், பிறகு தொழில்முறை ஆட்டத்தில் வாஷிங்டன் அணிக்காக இரண்டு பருவம். அதோடு நின்றிருந்தால் அவர் பெயர் உங்கள் வீட்டுக்கு வந்திருக்காது. 1962-இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் பாப் டெவனி என்ற தலைமைப் பயிற்சியாளரிடம் கடைநிலை உதவியாளராகச் சேர்ந்தார். அங்கேயே கல்வி உளவியலில் முனைவர் பட்டமும் வாங்கினார். 1973-இல் டெவனியின் இடம் கிடைத்தது. 25 பருவங்கள். 255 வெற்றி, 49 தோல்வி, 3 சமன். எந்தப் பருவத்திலும் ஒன்பது வெற்றிக்குக் கீழே இறங்கியதில்லை. ஆனாலும் முதல் 21 பருவங்களில் தேசியப் பட்டம் ஒன்றுகூட இல்லை. பெரிய ஆட்டம் வந்தால் கோட்டை விடுவார் என்ற பேச்சு கூடவே வந்துகொண்டிருந்தது.

அந்தப் பேச்சுக்கு நடுவில்தான் 1984 ஜனவரி 2, ஆரஞ்ச் பவுல் என்ற பருவக் கடைசி ஆட்டம். பருவம் முழுக்கத் தோற்காமல், முதலிடத்தில் இருந்த நெப்ராஸ்கா, மயாமி பல்கலைக்கழக அணியை அதன் சொந்த ஊரிலேயே சந்தித்தது. ஆரம்பத்திலேயே 17-0 என்று பின்தங்கி, துரத்திக்கொண்டே வந்து, 48 விநாடி மிச்சமிருக்கும்போது ஒரு டச் டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, அதற்கு ஆறு புள்ளி) போட்டு 31-30 வரை நெருங்கிவிட்டது.

டச் டவுன் போட்டவர்களுக்கு ஓர் உபரி வாய்ப்பு உண்டு. பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் ஒரு புள்ளி. அநேகமாகக் கையில் இருக்கிற காசு மாதிரி. அல்லது மூன்று கஜத்திலிருந்து ஒரே முயற்சியில் பந்தை எல்லைக்குள் சேர்த்தால் இரண்டு. கல்லூரி ஆட்டத்தில் அப்போது கூடுதல் நேரம் கிடையாது. சமன் என்றால் சமனோடு முடிந்தது. சமன் செய்தாலே பட்டம் நெப்ராஸ்காவுக்குத்தான் என்பது பலரின் கணக்கு. ஆஸ்போர்ன் உதைக்கச் சொல்லவில்லை. அவருடைய ஆட்டக்காரர் டர்னர் கில் வலப்பக்கம் ஓடி எறிந்தார். சக ஆட்டக்காரர் ஜெஃப் ஸ்மித்தை நோக்கிப் போன பந்தை மயாமியின் கென்னி கால்ஹூன் விரலால் தட்டிவிட்டார். பட்டம் மயாமிக்குப் போயிற்று.

பதினோரு வருடம் கழித்து, 1995 ஜனவரி 1. அதே மைதானம், அதே மயாமி. கடைசிக் கால்பகுதியில் 17-9 என்று பின்தங்கியிருந்தபோது ஒரு டச் டவுன். சமன் செய்ய மறுபடியும் அந்த இரண்டு புள்ளி வேண்டும். இந்தத் தடவை பந்து சரியாகக் கைக்குள் விழுந்தது. ஆட்டம் 24-17. ஆஸ்போர்னின் முதல் பட்டம் அது. அடுத்த பருவமும் ஜெயித்தார். 1997-இல் மிச்சிகனோடு பங்குபோட்டு மூன்றாவது, அதோடு ஓய்வு.

அண்ணன் இதையெல்லாம் சொல்லியிருப்பார். லாரன்ஸ் பிலிப்ஸ் விஷயத்தைச் சொன்னாரா? அணியின் நட்சத்திர ஓட்டக்காரர். 1995 செப்டம்பரில் தன் முன்னாள் காதலியைத் தாக்கினார். அந்தப் பெண்ணும் அதே பல்கலைக்கழகத்தில்தான் படித்தார். ஆஸ்போர்ன் பிலிப்ஸை நீக்கவில்லை. ஆறு ஆட்டம் வெளியே வைத்துவிட்டுத் திரும்பச் சேர்த்துக்கொண்டார். ஆட்டம் ஒன்றுதான் அந்தப் பையனின் வாழ்க்கையில் இருக்கிற ஒழுங்கு, அதையும் பிடுங்கினால் ஆள் தேறமாட்டான் என்பது அவர் சொன்ன காரணம். பொய்யாகச் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் முடிவு தப்பு. கணக்கில் பையன் இருந்தான், அடிபட்ட பெண் இல்லை. பிலிப்ஸ் தேறவும் இல்லை. 2016-இல் சிறையில் செத்துப்போனார்.

இந்த இரண்டு முடிவுகளிலும் கடைசிச் சொல் அவருடையதுதான். தலைமைப் பயிற்சியாளர் சொன்னால் ஆட்டக்காரன் ஓடுவான், சொன்னால் உட்காருவான். இந்தப் பழக்கத்தோடு ஒருவர் மக்கள் பிரதிநிதியானால் என்ன ஆகும்? 2000-இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குக் குடியரசுக் கட்சிக்காரராக நெப்ராஸ்காவின் மூன்றாவது தொகுதியில் நின்றார். மாநிலத்தின் பெரும்பகுதி நிலம் அந்தத் தொகுதிதான். பண்ணைகளும் சின்ன ஊர்களும். 80 சதவீதத்துக்கு மேல் ஓட்டு. இதுவரை உங்கள் கட்சி ஜெயிக்கிறது எஸ்., முகம்தான் ஜெயித்தது. ஆனால் உள்ளே போனால் 435 பேரில் ஒருவர். விவசாயக் குழு, கல்விக் குழு என்று ஆறு வருடம் ஒழுங்காக வேலை பார்த்தார். விசில் அவர் கையில் இல்லை.

2006-இல் ஆளுநர் பதவிக்குக் கட்சிக்குள் நடந்த முதற்கட்டத் தேர்தலில் நின்றார். எதிரே ஏற்கெனவே ஆளுநராக இருந்த டேவ் ஹைன்மேன். மைதானத்துக்கே ஆஸ்போர்ன் பெயர் வைத்த மாநிலம், இவரைத் தோற்கடிக்க யாரால் முடியும் என்றுதான் முதலில் பேச்சு. ஹைன்மேனுக்குச் சுமார் 50 சதவீதம், இவருக்கு 44. கோச் மேல் பிரியம் குறைந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. ஆளுநர் வேலையை ஏற்கெனவே ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். இங்கே உங்கள் கட்சியும் அடிபடுகிறது, அண்ணன் கட்சியும் அடிபடுகிறது. அடுத்த வருடம் பல்கலைக்கழகம் கூப்பிட, விளையாட்டுத் துறை இயக்குநராகத் திரும்பிப் போனார்.

அவருடைய பொதுச்சேவை எங்கே என்று அண்ணன் கேட்டால் நான் வேறிடத்தைக் காட்டுவேன். 1991-இல், அரசியலெல்லாம் வருவதற்கு முன்பே, அவரும் மனைவி நான்சியும் டீம்மேட்ஸ் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அவருடைய ஆட்டக்காரர்கள் 22 பேர், லிங்கன் நகரத்து நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் 22 பேர். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், வாரம் ஒருமுறை பள்ளிக்கூடத்திலேயே உட்கார்ந்து பேச்சு. பாடம் நடத்துவது அல்ல, அந்தப் பிள்ளை சொல்வதைக் கேட்பது. அங்கே யாரும் யாருக்கும் உத்தரவு போட முடியாது. பிலிப்ஸ் விஷயத்தில் சறுக்கிய மனிதரும் இவர்தான், இதைச் செய்தவரும் இவர்தான். இரண்டையும் கூட்டிக் கழித்து ஒரு மதிப்பெண் போட எனக்குத் தெரியவில்லை.

அண்ணனிடம் ஒன்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். 31-30, 48 விநாடி மிச்சம். அவராக இருந்தால் ஒன்றா, இரண்டா? நானாக இருந்தால் சத்தமில்லாமல் உதைத்து, ஒரு புள்ளியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.